ம் கொட்டாத பேட்டி

ஜெபமாலை அக்கா மீன் சட்டியை எடிட்டர் மேஜை மேல் வைத்தாள். மெதுவாக வைக்கவில்லை. சட்டிக்கு அடியில் அந்த வாரத்து புரூஃப் தாள்கள் கிடந்தன. சூடை மீன் தண்ணீர் முதல் பக்கத்தில் ஆரம்பித்து நாலாம் பக்கம் வரை ஒரே ஓட்டமாக ஓடியது.

"இங்கன ராக்குங்கிறது யாரு?" என்றாள்.

அவளுக்கு என்னை நன்றாகவே தெரியும். பத்து நாளைக்கு முன்னால்தான் தங்கச்சிமடத்தில் அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேட்டி எடுத்து, அவள் கொடுத்த நன்னாரித் தண்ணீரையும் குடித்துவிட்டு வந்திருந்தேன். இப்போது இரண்டடி தள்ளி நின்ற என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டாள்.

எடிட்டர் என்னைக் கை காட்டினார். காட்டிக்கொடுக்க அவருக்கு ஒரு நொடி கூட ஆகவில்லை.

அக்கா இடுப்பில் செருகியிருந்த பிளாஸ்டிக் பையிலிருந்து எங்கள் பத்திரிகையை எடுத்து விரித்தாள். மடிப்பு மடிப்பாக நசுங்கியிருந்தது. "என் மக படிச்சுக் காட்டுனா. இதுல ஜெபமாலைன்னு ஒருத்தி பேசுறா. யாரு அவ? எங்க ஊருல அப்படி ஒருத்தி இல்லையே."

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.

"அராஜகம்னா என்ன புள்ள? நான் மூணு தடவ சொன்னேனாமே."

எடிட்டர் நனைந்த புரூஃபைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில் அவரைத்தான் முதலில் அடித்திருப்பேன்.

இந்தத் தொடரில் இதுவரை நான் யார் யாரையெல்லாம் திட்டினேன் என்று பட்டியல் போட்டு ஒரு வாசகர் கடிதம் எழுதியிருக்கிறார். தாசில்தார், என் சித்தப்பா, இரண்டு டாக்டர்கள், ஒரு கல்யாண புரோக்கர். இந்த வாரம் பட்டியலில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா.

பஸ் நிற்காத கதை

விஷயம் சின்னதுதான். தங்கச்சிமடத்திலிருந்து ஏழெட்டுப் பெண்கள் காலையில் கரையில் மீன் எடுத்து, ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடித்து, பாம்பன் பாலம் தாண்டி உச்சிப்புளியில் இறங்கிக்கொள்வார்கள். அங்கிருந்து பக்கத்து ஊர்களுக்குத் தலைச்சுமையாக நடந்து விற்பார்கள். எட்டரை மணிக்குள் வீட்டு வாசலில் போய் நின்றால் மீன் போகும். ஒன்பதரைக்குப் போனால் அந்த வீட்டில் சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும்.

அந்த பஸ் கண்டக்டருக்கு மீன் சட்டியைக் கண்டால் ஆகாது. வாடை, மற்றவர்கள் சேலையில் தண்ணீர் படுகிறது என்று தினமும் சண்டை. இருந்தாலும் வாரத்தில் பாதி நாள் ஏற்றிக்கொள்வார். மீதி நாள் இரட்டை விசில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அந்தப் பாதி நாளை முழு வாரமாக ஆக்கித் தருகிறேன் என்று சொல்லித்தான் நான் பேட்டிக்குப் போனேன்.

என் பேட்டி வந்ததற்குப் பிறகு பஸ் ஒரு நாளும் நிற்கவில்லை.

"முன்ன சண்ட போட்டாவது ஏறிக்கிட்டிருந்தோம்," என்றாள் அக்கா. "இப்ப அந்த மனுசன் எங்கள ஏறெடுத்துப் பாக்குறதே இல்ல. நான் அவர ரவுடின்னு சொன்னேனாமே. நான் எப்பப் புள்ள சொன்னேன்?"

அவள் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

ஏழு நிமிஷம்

நான் கடலாடிப் பக்கம் மிளகாய்க் காட்டுக்காரி. எங்கள் ஊரில் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், ரேஷன் கடை திறக்காவிட்டாலும், பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் வராவிட்டாலும் என்னைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். நியாயம் பேச இல்லை, கத்த. கத்துவதில் எனக்கு ஊரில் போட்டியே கிடையாது. அப்படி ஒரு தடவை ராமநாதபுரத்தில் ஒரு ஆபீஸ் வாசலில் கத்திக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் எடிட்டர் என்னைப் பார்த்தார். இந்தப் பெண்ணுக்கு ஒரு பேனா கொடுத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. பாவம், மனிதர் நல்லெண்ணத்தில்தான் செய்தார்.

பேட்டி எடுப்பது என்றால் என்னவென்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு அநியாயம் நடந்திருக்கிறது, பாதிக்கப்பட்ட ஆள் எதிரில் உட்கார்ந்திருக்கிறார், அவருக்குச் சரியாகப் பேசத் தெரியவில்லை, ஆகவே அவருக்காக நாம் பேச வேண்டும். இப்படித்தான் நினைத்திருந்தேன்.

என் முதல் பேட்டி ஒரு விவசாய அதிகாரியோடு. மிளகாய்ச் செடியில் இலை சுருட்டும் நோய் பற்றிக் கேட்கப் போனேன். கேள்வியையும் நானே கேட்டு, பதிலையும் நானே சொல்லி, அவர் சொன்ன மருந்து தப்பு என்றும் சொல்லிவிட்டு வந்தேன். கிளம்பும்போது அவர் ரொம்ப மரியாதையாக, பேட்டி எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்டார்.

ஜெபமாலை அக்கா சட்டியைத் தூக்கிக்கொண்டு போனதும் எடிட்டர் அவளிடம் எடுத்த பேட்டியின் கேசட்டைக் கேட்டு வாங்கினார். டேப் ரெக்கார்டரைப் புரூஃப் காயப்போட்டிருந்த கொடிக்குக் கீழே வைத்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்துக்கொண்டு, முழுவதையும் உட்கார்ந்து கேட்டார். நானும் கேட்டே ஆக வேண்டும் என்றார். பெரிய தண்டனை அது. என் குரல் எனக்கே சகிக்கவில்லை.

ஒரு மணி நேர கேசட்டில் ஜெபமாலை அக்கா பேசியது ஏழு நிமிஷம்.

எடிட்டர் கடிகாரத்தை மாட்டிக்கொண்டார். அந்தப் பெண்களுக்கு பஸ் நிற்கிற வரைக்கும் நீ வேறு எதுவும் எழுத வேண்டாம் என்றார். குரலை உயர்த்தாமல் சொன்னார். உயர்த்தியிருந்தால் நான் ஜெயித்திருப்பேன்.

அக்கா போட்ட கண்டிஷன்

தங்கச்சிமடத்துக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லாததால், வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அக்கா வாசலில் உட்கார்ந்து காரல் மீனைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் ஒத்திகை பார்த்ததில் பாதியைச் சொல்வதற்குள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

என்னைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவள். ஆனால் கரையில் மீன் ஏலத்தில் நின்று நின்று, ஒரு கையை நீட்டினால் பத்துப் பேர் வாயை மூடுகிற சக்தி அவளுக்கு வந்திருந்தது.

"எழுதுறதெல்லாம் வேணாம். நீ என்னத்த எழுதுனேன்னு எனக்குப் படிக்கத் தெரியாது. டிவியில போடு. நான் பேசுறத நானே பாக்கணும்."

பாம்பன் தீவில் அப்போதுதான் தெருவுக்குத் தெரு கேபிள் ஒயர் தொங்க ஆரம்பித்திருந்தது. அக்காள்மடத்தில் அந்தோணி என்று என் வயதுக்காரன் ஒருவன் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டு, கூடவே கேபிளும் நடத்தினான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படம் முடிந்ததும் அரை மணி நேரம் உள்ளூர் நிகழ்ச்சி போடுவான். பெரும்பாலும் யாராவது வீட்டுக் கல்யாணம். அதே கல்யாணத்தை மூன்று வாரம் போட்டு, கல்யாண வீட்டாரே வந்து நிறுத்தச் சொன்னதும் உண்டு.

டிவி என்றால் சரி என்றேன். எழுந்திருக்கப் போனேன்.

"இன்னொண்ணு இருக்கு," என்றாள். "உன் கொரல் அதுல வரக் கூடாது. ஒரு எழுத்துகூட."

ஒரு எழுத்துகூட வராது என்று சத்தியம் செய்தேன். அப்போது எனக்கு அந்த எழுத்து எது என்று தெரியாது.

திருவிழாச் சேலை

சனிக்கிழமை மத்தியானம் போனோம். அந்தோணி வண்டியில் கேமரா, விளக்கு, ஒயர், குடை எல்லாம் கொண்டுவந்தான். குடை எதற்கு என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அக்கா வாசலுக்கு வந்ததும் நான் திகைத்துப் போனேன். கோயில் திருவிழாவுக்கு எடுத்த பட்டுச் சேலை, முகம் நிறைய பவுடர், கழுத்தில் ஜெபமாலை, காதில் மகளுடைய ஜிமிக்கி. மீன் சட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் நன்றாக இருக்கும் என்றேன். பட்டுச் சேலையில் மீன் தண்ணி பட்டால் நீயா துவைப்பாய் என்று கேட்டாள். கடைசியில் காலிச் சட்டியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து வைத்தார்கள். அந்தோணி மைக்கை அதற்குள் ஒளித்துவைத்தான்.

பார்க்கத் தெருவே வந்திருந்தது. அக்காவோடு பஸ் ஏறுகிற பெண்கள் முன்வரிசை. நான் அக்காவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தேன். அந்தோணி ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கல்யாணப் பெண்ணிடம் சொல்வது மாதிரியே, கொஞ்சம் சிரிங்கக்கா என்றான். அவள் செத்தவர்கள் போட்டோவில் இருப்பது மாதிரி விறைத்துக்கொண்டாள்.

முதல் கேள்வியை ஒரு அட்டையில் எழுதி, அவள் மகளை விட்டு முன்கூட்டியே படித்துக் காட்டியிருந்தேன். அக்கா ஆரம்பித்தாள். "நாங்க காலையில நாலு மணிக்கு எந்திரிச்சுக் கரைக்குப் போவோம்."

"ம்," என்றேன்.

அந்தோணி நிறுத்தினான். ஹெட்போனுக்குள் வண்டு புகுந்த மாதிரி இருக்கிறது என்றான்.

திரும்ப ஆரம்பித்தாள். திரும்ப "ம்" என்றேன். மூன்றாவது தடவை அந்தோணி ஹெட்போனைக் கழற்றி என் காதில் வைத்து, முதலில் எடுத்ததை ஓட்டிக் காட்டினான். சட்டிக்குள் மைக் இருந்ததா, என் ஒவ்வொரு "ம்"மும் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ முனகுவது மாதிரி கேட்டது. அக்கா பேசுவது கேட்கவே இல்லை.

ஒரு ம் படுத்தும் பாடு

இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கம் ஒருவர் பேசினால் எதிரில் இருப்பவர் ம் கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் பேசுகிறவருக்கு மேலே ஓடாது. என் அய்யா மாடு கன்று போட்ட சேதியைச் சொல்வதாக இருந்தால்கூட, நாலு வார்த்தை சொல்லிவிட்டு நிறுத்துவார். யாராவது ம் என்றால்தான் அது காளைக்கன்றா கிடாரியா என்பது வெளியே வரும். ஒரு தடவை நான் கோபத்தில் ம் கொட்டாமல் இருந்தேன். இரண்டு நாள் கழித்துத் தொழுவத்துக்குப் போய்தான் கிடாரி என்று தெரிந்துகொண்டேன்.

எஸ்.டி.டி. பூத்தில் பாருங்கள். ஒருவர் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு "ம்... ம்... ம்..." என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஒரே ஒரு ம் விட்டுப்போனால் மறுமுனையில், அலோ, லைன் இருக்கா என்று கத்துவார்கள்.

ஆகவே நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன். அக்கா இரண்டு வாக்கியம் பேசினாள். நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். நான் இன்னும் வேகமாகத் தலையை ஆட்டினேன்.

"என்னடி, பூம்பூம் மாடு மாதிரி?" என்றாள். கூட்டம் சிரித்தது.

மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி நின்றாள். இந்தத் தடவை கோபமாக அந்தோணி பக்கம் திரும்பினாள். "இவ கேக்குறாளா இல்லையான்னே தெரியலப்பா. சுவத்துக்கிட்டப் பேசுற மாதிரி இருக்கு."

எனக்குத் தாங்கவில்லை. "நீங்கதானக்கா பேசக் கூடாதுன்னீங்க?"

"பேசாதேன்னேன். செத்துப்போன்னா சொன்னேன்?"

முன்வரிசைப் பெண்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருத்தி, தான் ம் கொட்டுவதாகச் சொல்லி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுடைய ம் என்னுடையதைவிடப் பெரியது. அந்தோணி பேட்டரியைப் பார்த்துவிட்டு, இன்னும் முக்கால் மணி நேரம்தான் ஓடும் என்றான். அன்றைக்கு விட்டால் அடுத்த ஒரு மாதத்துக்கு அவனுக்கு வரிசையாகக் கல்யாணம். ஒரு மாதம் பஸ் நிற்காவிட்டால் உச்சிப்புளி வாடிக்கையெல்லாம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு பஸ் நின்றால் என்ன, நிற்காவிட்டால் என்ன.

சிரிப்பு அடங்கிவிட்டது. நான் கெடுத்ததை நானே இரண்டாவது தடவையும் கெடுத்துக்கொண்டிருந்தேன், அதுவும் ஒரே எழுத்தால்.

தங்கூசி

அக்கா கொஞ்ச நேரம் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மகளைக் கூப்பிட்டு உள்ளேயிருந்து தங்கூசி எடுத்துவரச் சொன்னாள். தூண்டில் போடுகிற நைலான் நரம்பைத்தான் அப்படிச் சொல்வார்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, ஆனால் ஒரு ஆளையே இழுக்கும்.

ஒரு முனையைத் தன் கால் பெருவிரலில் சுற்றிக் கட்டினாள். மறு முனையை என்னிடம் தூக்கிப் போட்டாள்.

"எங்கய்யா வத்தையில தூண்டி போட்டா கயித்தக் கால் பெருவெரல்ல கட்டிக்கிட்டுப் படுத்துக்கிருவாரு," என்றாள். வத்தை என்பது சின்னத் தோணி. "மீனு கடிச்சா வெரல் இழுக்கும். மீனு என்ன, ம்முன்னா சொல்லுது? நீ ம் சொல்லணும்னு தோணுறப்ப இழு. எனக்குத் தெரிஞ்சுரும்."

அந்தோணி கேமராவில் பார்த்து, இடுப்புக்குக் கீழே எதுவும் வராது என்றான். நான் என் வலது கால் பெருவிரலில் தங்கூசியைக் கட்டிக்கொண்டேன். நானும் ஒரு பட்டுச் சேலைக்காரியும் கால் விரலில் கட்டுண்டு உட்கார்ந்திருந்ததை என் ஊர்க்காரர்கள் பார்த்திருந்தால், கத்திக் கத்தி ராக்குவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பேய் விரட்டும் கோடாங்கியிடம் கூட்டிப்போயிருப்பார்கள்.

அக்கா ஆரம்பித்தாள். நான் இழுத்தேன். அவள் முகத்தில் ஒரு சின்ன மலர்ச்சி வந்தது. மேலே பேசினாள். இழுத்தேன். பேசினாள். வேலை செய்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் ஓங்கி ஒரு இழுப்பு இழுத்துவிட்டேன். "ஆத்தி," என்று அலறிக் காலைத் தூக்கினாள். "சுறாவே கடிச்ச மாதிரி இழுக்குறியேடி." அந்தோணி கேமராவோடு சுவரில் சாய்ந்து சிரித்தான். அந்தப் படத்தில் ஓடு வேய்ந்த கூரை மட்டும் ஒரு நிமிஷம் குலுங்கிக்கொண்டே இருக்கும்.

அதற்குப் பிறகு அவள் கரைந்துவிட்டாள். கேமராவை மறந்தாள், பவுடரை மறந்தாள், ஜிமிக்கி ஆட ஆடப் பேசினாள்.

"வாடை அடிக்குதுதான். இல்லன்னா சொல்றேன்? மீனு வாட அடிக்காம மல்லிகப்பூ வாடையா அடிக்கும்? கடைசி சீட்டுக்குப் பின்னால வச்சுக்கிறோம், சாக்கு போட்டு மூடிக்கிறோம். அவுகளும் எங்ககிட்ட வாங்குன மீனத்தான மத்தியானம் திங்கிறாக. அப்ப மட்டும் மணக்குது."

நிறுத்தினாள். என் அடுத்த கேள்வி நாக்கு நுனியில் நின்றது. மூன்று பேரைத் திட்டி, சட்டம் பேசி, நன்றாகத் தயாரித்து வைத்திருந்த கேள்வி. ஆனால் வாயைத் திறக்க முடியாது. என் கையில், மன்னிக்கவும், என் காலில் இருந்தது ஒரு நரம்பு மட்டும்தான். மெல்ல இழுத்தேன்.

அவள் தரையைப் பார்த்தாள். நான் காத்திருந்தேன். என் வாழ்க்கையில் அதுவரை யாருக்காகவும் அவ்வளவு நேரம் சும்மா இருந்ததில்லை. பத்து நொடி இருக்கும்.

"அந்தக் கண்டக்டரும் மோசமான ஆளு இல்ல," என்றாள். "சின்னவ வயித்துல இருந்தப்ப ஒரு நாள் அடமழ. உச்சிப்புளியில எறங்குறேன், சும்மாட்டுத் துணி காத்துல பறந்துருச்சு. வெறுந்தலையில எப்படிச் சட்டிய வைக்கிறது? அவரு கழுத்துல கெடந்த துண்ட எடுத்து, அவரே சும்மாடு சுருட்டி என் தலையில வச்சு, சட்டியத் தூக்கிவிட்டாரு. பஸ்ஸு முழுக்கப் பாத்துக்கிட்டு இருக்கு. அப்புறமாத்தான் விசிலு ஊதுனாரு."

இழுத்தேன்.

"அந்தத் துண்ட அலசி மடிச்சு வச்சிருக்கேன். அப்புறம் பிரசவம், அது இதுன்னு மறந்துபோச்சு. இப்பக் குடுக்கலாம்னு பாத்தா, பஸ்ஸு நிக்கணுமே."

அந்தோணி ஒரு கையால் கேமராவைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கண்ணைத் துடைத்தான். கல்யாணத்தில் பெண்ணை அனுப்பிவைக்கும்போதெல்லாம் அழுது பழக்கப்பட்டவன்.

அன்றைக்கே ராமநாதபுரத்தில் எங்கள் ஆபீசுக்குப் போனதும் பழைய கேசட்டை மறுபடி போட்டேன். இருபதாவது நிமிஷம் பக்கத்தில் இருந்தது. "அந்தக் கண்டக்டரும் மோசமான ஆளு இல்ல, சின்னவ வயித்துல..." என்று அக்கா ஆரம்பிக்கிறாள். உடனே என் குரல்: "அத விடுங்கக்கா, இப்ப நிறுத்துறானா இல்லையா, அதச் சொல்லுங்க."

சொல்லத்தான் வந்திருக்கிறாள். நான்தான் வழி விடவில்லை. யாரையாவது திட்ட வேண்டும் போல இருந்தது. அறையில் என்னைத் தவிர வேறு ஆள் இல்லை.

இரண்டு தடவை ஓடிய பேட்டி

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தக் கண்டக்டருக்கு வேறு டிரிப். மூன்றரை மணிக்கு அக்காள்மடம் டீக்கடையில் பஸ்ஸை நிறுத்தி டிரைவரும் அவரும் பருப்பு வடை சாப்பிடுவார்கள். அந்தக் கடையில் டிவி உண்டு. அந்தோணி வீடு கடைக்கு எதிரில். இதெல்லாம் தானாக அமைந்தது என்று சொல்ல மாட்டேன். நாங்கள் திட்டம் போட்டோம்.

பஸ் வரவில்லை.

மூன்றரைக்கு அந்தோணி பேட்டியை ஓடவிட்டுவிட்டான். கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். முதலில், பாட்டு போடச் சொல்லுங்கப்பா என்று ஒருவர் அலுத்துக்கொண்டார். பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. திரையில் அக்கா ஒன்று சொல்லி நிறுத்துகிறாள். நான் தங்கூசியை இழுத்த இடம் அது, சத்தம் இல்லாமல் ஒரு ம் அளவுக்கு இடைவெளி. டீ மாஸ்டர் டீயை ஆற்றிக்கொண்டே "ம்" என்றார். அடுத்த இடைவெளியில் பாட்டு கேட்டவரே "ம்" என்றார். அதற்கடுத்து கடை மொத்தமும் ம் கொட்டியது. அக்கா அவர்கள் எல்லோருக்கும் எதிரில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி பேசிக்கொண்டே இருந்தாள். நான் பெஞ்சில் உட்கார்ந்து பைத்தியம் மாதிரி சிரித்தேன்.

துண்டுக் கதை வரும்போது திரையில் ரோஜா இதழ்கள் கொட்டின. கல்யாண வீடியோவில் மாலை மாற்றும்போது போடுகிற இதழ்கள். அந்தோணிக்கு மனசு கேட்கவில்லை. நான் அவனை அன்று சாயந்திரம் நன்றாகத் திட்டினேன், ஆனால் பேட்டியிலேயே அதுதான் நன்றாக இருந்ததாக அக்கா பிற்பாடு சொன்னாள்.

பேட்டி முடிந்து, யாரோ ஒருவருடைய காதுகுத்து ஆரம்பித்தபோது பஸ் வந்து நின்றது.

நான் ரோட்டைத் தாண்டி ஓடினேன். ஜன்னல் வழியாக அந்தோணியிடம் கத்தினேன். வாயால் சொல்லிப் புரியவைக்க நேரமில்லாமல் கையைப் பின்பக்கமாகச் சுழற்றிக் காட்டினேன். காதுகுத்துக் குழந்தை வாயைத் திறந்து அழப் போகிற நேரத்தில் திரை கறுத்து, மறுபடி ஜெபமாலை அக்கா வந்தாள்.

கண்டக்டர் வடையைக் கடித்துக்கொண்டே நிமிர்ந்தார். ஐம்பதை நெருங்குகிற மனிதர், காக்கிச் சட்டை, நரைத்த மீசை. யார் என்று தெரிந்ததும் முகம் கல்லாகிவிட்டது. கடையே அவரைப் பார்த்தது. அவர் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். டிரைவரின் டீ இன்னும் வரவில்லை. உட்கார்ந்திருந்தார்.

வாடையைப் பற்றிச் சொன்னபோது மீசையைத் தடவினார். மத்தியானச் சாப்பாட்டைச் சொன்னபோது டிரைவர் சிரித்தார், இவர் சிரிக்கவில்லை. பிறகு அந்தப் பத்து நொடி மௌனம். அந்தக் கண்டக்டரும் மோசமான ஆளு இல்ல என்றதும் வடை மெல்லுவது நின்றது. மழை. சும்மாட்டுத் துணி. அவரே சுருட்டினார் என்று சொல்லி அக்கா நிறுத்தினாள்.

"ம்," என்றார் கண்டக்டர்.

அவருக்கே தெரியாமல் வந்தது. என் காலில் அப்போது எதுவும் கட்டியிருக்கவில்லை. ஆனால் பெருவிரல் சுண்டி இழுத்தது, சத்தியமாக.

திங்கட்கிழமை

மறுநாள் ஆறு மணிக்கே தங்கச்சிமடம் ஸ்டாப்பில் நின்றேன். ஏழு சட்டிகள் வரிசையாக இருந்தன. ஜெபமாலை அக்கா மடித்த துண்டைக் கக்கத்தில் வைத்திருந்தாள். நிற்காவிட்டால் பஸ்ஸுக்குள் வீசிவிடப் போவதாகச் சொன்னாள்.

பஸ் வந்தது. எங்களைத் தாண்டியது. ஒரு பெண் தரையில் துப்பினாள். எனக்குள் இருந்த பழைய ராக்கு கல்லைத் தேடிக் குனிந்தேவிட்டாள். அப்போது ஒற்றை விசில் கேட்டது. இருபதடி தள்ளிப் போய் பஸ் நின்றது.

கண்டக்டர் இறங்கிப் பின் பக்கம் வந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. கடைசி சீட்டுக்குப் பின்னால் கையைக் காட்டி, சாக்கு போட்டு மூடணும் என்று மட்டும் சொன்னார். முதல் சட்டியை அவரே ஒரு கை கொடுத்து ஏற்றினார். அக்கா துண்டை நீட்டினாள். அவர் வாங்கி, விரித்துப் பார்த்து, மோந்து பார்த்தார்.

"மீன் வாடை அடிக்குது," என்றார்.

"ரெண்டு தடவ சோப்பு போட்டுருக்கு. வேணாம்னா குடுங்க," என்றாள் அக்கா.

அவர் கழுத்தில் போட்டுக்கொண்டார். ஏழு பெண்களும் ஏறிவிட்டார்கள். நானும் உச்சிப்புளி வரை போகலாமென்று கடைசியில் ஏறினேன். பாம்பன் நெருங்கும்போது டிக்கெட் போட்டுக்கொண்டே வந்த கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"டிவியில கேள்வி கேட்ட ஆளையே காணோமே. யாரு எடுத்தது?" என்று கேட்டார். அக்கா என் பக்கம் தாடையைக் காட்டினாள்.

அவர் முகம் மாறியது. "பத்திரிகையில என்னைய ரவுடின்னு எழுதுனதும் நீதானா?"

சொல்வதற்கு என்னிடம் நிறைய இருந்தது. நிற்காமல் போன அத்தனை நாளையும் பற்றி இருந்தது. ஏழு பெண்களின் காலை நேரத்தைப் பற்றி இருந்தது. சட்டம் இருந்தது. அராஜகம் என்ற வார்த்தைகூடக் கைவசம் இருந்தது. பஸ் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது, இரண்டு பக்கமும் கடல், அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ம்," என்றேன்.